பேனா படக்கூடாத சீட்டு

6 மார்ச் 2006, செம்மேடு
எங்கள் டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சேலத்துக் கம்பெனிக்காரன் டை கட்டிக்கொண்டு வந்து தொடங்கிவைத்தான். "வயசை மட்டும் அடிங்க மேடம், மருந்தளவு சீட்டா வந்துரும். இனி உங்களுக்கு வேலையே இல்லீங்க." பதினோரு வருடமாக இந்த மலையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டது, பொட்டி!

14 மார்ச்
குண்டனி நாட்டு மலைக்கிராமத்து மாதம்மாள், வலிப்பு வரும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயது கேட்டால், "மூணு பொங்கல் பாத்துட்டாளுங்க" என்றாள். பதிவு மேசைக் கவிதா மூன்று என்று அடித்தாள். பொட்டி மூன்று வயதுக்கு மருந்து கக்கியது. அடப்பாவிகளா! அது மார்கழிக் கடைசியில் பிறந்த பிள்ளை. பத்தாம் நாளே முதல் பொங்கல். வயது இரண்டுதான், எடை ஏழரைக் கிலோ, மூன்று வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டியதில் பாதி. இங்கே பாதிப் பேர் வயதை இப்படித்தான் சொல்வார்கள். சீட்டில் பேனாவால் அடித்து, அளவைப் பாதியாக்கிக் கொடுத்தேன்.

17 மார்ச்
இந்தப் பொட்டியைச் சோதித்து அனுமதித்தது யார்? மருந்துகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.

2 மே
பதில். 'கணினி நிரல் மருந்தும் அன்று, மருத்துவக் கருவியும் அன்று. எனவே இவ்வலுவலக வரம்பில் வராது.' இதற்கு மூன்று கையெழுத்து! சந்தையில் மரவள்ளி நிறுக்கும் தராசுக்கு வருசா வருசம் முத்திரை வைக்கிறார்கள். பிள்ளைக்கு மருந்தளவு சொல்லும் பொட்டியைக் கேட்க நாதியில்லை. தூ!

3 மே
எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் முருகானந்தம் கடிதத்தைப் பார்த்துவிட்டார். "இனிமே சீட்டுல பேனா பட்டா, நீங்க மலைய விட்டு இறங்கிக்கலாம் நசீபா." மூளையையும் சேலத்தானிடம் கொடுத்துவிட்டாரா? சரி சார் என்றேன். தம்பி முபஷிரின் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

11 மே
மாதம்மாள் மறுபடி வந்தாள். சீட்டில் அதே மூன்று வயது அளவு. டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.
"ஏனுங்கம்மா, போன தடவ அரை மூடிதானுங்களே?"
"இப்ப ஒரு மூடி."
"நீங்க சொன்னாச் சரிங்க."

14 மே
பிள்ளை எழவே இல்லையாம். ஜீப்பில் நாமக்கல்லுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். யா அல்லாஹ்... பேனா பையிலதானே இருந்துச்சு? ஏன் எடுக்கல? சீ, நானெல்லாம் ஒரு மனுஷி!

16 மே
நாமக்கல் போனேன். கண் விழித்துவிட்டாள். மாதம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

8 ஜூன்
விசாரணை. பொட்டியை விசாரிக்கச் சட்டமில்லையாம். மருந்து கொடுத்தவளை விசாரிக்க உண்டாம். பார்மசிஸ்ட் பதிவைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி இரக்கப்பட்டார். "அளவு தப்புன்னு தெரியாதுன்னு எழுதிருங்கம்மா, எச்சரிக்கையோட முடிஞ்சிரும்." டாக்டர் வேகமாகத் தலையாட்டினார். தெரியாது என்று எழுதினால் நானும் தப்பிப்பேன், பொட்டியும் தப்பிக்கும். 'தவறு என்று தெரியும். தெரிந்தே கொடுத்தேன்' என்று எழுதினேன். பொட்டியின் தவறு என்ன என்பதை இரண்டு பக்கத்துக்கு விளக்கினேன்.

19 ஆகஸ்ட், சேந்தமங்கலம்
மலையை விட்டு இறங்கி வீட்டோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து கவிதா போன் செய்தாள். "அக்கா, இப்பெல்லாம் எடை அடிக்காட்டி சீட்டே வர்றதில்லீங்க." எந்த அலுவலகமும் உத்தரவிடவில்லை. என் வாக்குமூலம் வெளியே போய்விடுமோ என்று பயந்து கம்பெனிக்காரனே மாற்றினானாம், கோழை.

மதியத் தபாலில் எனக்கும் கடிதம் வந்தது: பார்மசிஸ்ட் பதிவு ஓராண்டுக்கு நிறுத்தம். மேல்முறையீடு செய்யச் சொல்லி முபஷிர் கத்தினான். செய்யப் போவதில்லை. கொடுத்தது நான்தான்.