செல்வக்கனி ஏறும் வண்டி

ஜூலை 1, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. காலை எடை 49.6. இந்த நோட்டு வாங்கியதே என் மனைவி செல்வக்கனியின் எடையும் குடித்த தண்ணீரும் எழுதத்தான். டயாலிசிஸ் சென்டரில் கேட்பார்கள். இன்று மற்றதையும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல.

விழுந்துவிட்டோம்.

சென்டருக்குப் பைக்கில் போகும் வழி. சயான் சர்க்கிள் தாண்டி, ரோட்டைத் தோண்டிய இடத்தில் குழியை மூடி இரும்புத் தகடு. முன்னால் போன டெம்போ திடீரென்று நின்றது. கால் பிரேக்கை மிதித்தேன். எப்போதும் அதுதான் பழக்கம். கைப்பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்று, பேருக்கு இருக்கிறது. பின்சக்கரம் சுற்றாமல் நின்று வலது பக்கமாக வழுக்கியது. வேகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கீழே.

விழும்போது செல்வக்கனி இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக நரம்பை இணைத்து ஆபரேஷன் செய்த கை. அதில் அடிபட்டுக் கிழிந்தால் ரத்தம் நிற்காது என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். வலது முழங்கையும் முழங்காலும் சிராய்ப்பு. அந்தக் கை தப்பியது. சேற்றில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டாள். ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் ஓடும் சத்தம் கிர்ரென்று கேட்கும். நின்றுவிட்டால் கை போச்சு என்று அர்த்தம்.

"ஓடுது" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

யாரோ வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அதே வண்டியில் ஏறி சென்டருக்குப் போனோம். அவள் உள்ளே மெஷினில். நான் வெளியே பெஞ்சில், ஈர பேண்ட்.

ஜூலை 2, புதன்

மழை கொஞ்சம் குறைவு. எடை 48.1. பிரஸ்ஸில் பேப்பர் கட்டிங் மெஷின் முன்னால் நிற்கிறேன், மனது சயானில் நிற்கிறது. விரல் போகிற மெஷின். சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பேக்கிங் பார் என்றார்.

சாயங்காலம் ராஜன் வந்தான். செல்வக்கனியின் தம்பி. சீத்தா கேம்ப்பில் வீடு, நாள் முழுக்க பைக்கில் சாப்பாடு டெலிவரி. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவின் முழங்காலைப் பார்த்தான்.

"அத்தான், இனிமே அக்காவ பைக்குல ஏத்தாதீங்க. நான் தெனமும் பாக்கேன், எத்தன பேரு விழுதாங்கன்னு."

சரி, ஆட்டோவில் போகிறோம் என்றேன். செல்வக்கனி ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோவுக்கு மூன்று சக்கரம், ஒன்று தப்பினால் இன்னொன்று பள்ளத்தில் விழும். டயாலிசிஸ் முடிந்து வரும்போது எலும்பெல்லாம் தனித்தனியாகக் கழலும். உள்ளே உட்கார்ந்தால் வாந்தி வேறு. பைக்கில் என் தோளுக்கு மேலே ரோடு தெரிகிறதாம். பள்ளம் வருவது தெரிந்தால் உடம்பை இறுக்கிக்கொள்வாளாம். இத்தனை நாள் என் பின்னால் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் ராஜன் போனான்.

வண்டியை உருட்டிக்கொண்டு மெக்கானிக் அந்தோணி கடைக்கு. தாராவி 90 அடி ரோடு. தூத்துக்குடிப் பக்கத்து ஆள், இந்த நூறு சிசி வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவன்தான் பார்க்கிறான். ஹேண்டிலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினான். முன்பக்கம் அடிவரை இறங்கி டக்கென்று இடித்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் எல்லாம் வெளியே கசிந்திருக்கிறது, உள்ளே வெறும் ஸ்பிரிங்.

"அண்ணாச்சி, இது ஷாக் அப்சார்பர் இல்ல. வெறும் ரெண்டு குழாய்."

அவன் சொன்னது: ஆயில் சீல், புது பிரேக் ஷூ, புது கேபிள் போட்டால் ஒற்றை ஆளுக்குப் போதும். பின்னால் ஆள் இருக்கிறது, மழை, அதுவும் இந்த மாதிரி உடம்பு என்றால், முன்பக்கத்தை முழுசாக மாற்றுவது நல்லது. இதே கம்பெனியின் பெரிய வண்டியிலிருந்து ஃபோர்க், சக்கரம், டிஸ்க் பிரேக் மொத்தமாக எடுத்து மாட்டலாம். ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் பழைய சாமான் பார்ப்போம்.

ராஜன் சொன்னதற்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நடந்து வந்தேன்.

ஜூலை 3, வியாழன்

ஆட்டோ. போகும்போது சுனாபட்டியில் ஒரு தடவை வாந்தி. வரும்போது இரண்டு தடவை. டிரைவர் திட்டவில்லை, பழைய துணி கொடுத்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம். அழுகை இல்லை. தூக்கத்தில் முனகுவது மாதிரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் கையில் ஹேண்டிலும் இல்லை, பிரேக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவள் சொன்னாள்: "வண்டிய என்னமாம் செய்யுங்க. நான் இதுல வர மாட்டேன்."

ஜூலை 5, சனி

மறுபடியும் ஆட்டோதான். வேறு வழி இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் தூறல். அந்தோணியோடு குர்லா. தெரு முழுக்கக் கழற்றிப் போட்ட வண்டிகள். கடைக்காரன் மாடியிலிருந்து ஒரு முன்பக்கத்தை அப்படியே இறக்கினான். அந்தோணி ஃபோர்க் குழாயைக் கழற்றி, கடையில் இருந்த கண்ணாடிப் பலகை மேல் உருட்டினான். தள்ளாடாமல் உருண்டது, வளைவு இல்லை. டிஸ்க்கில் மேல்துரு மட்டும். மட்கார்டில் ஹிந்தியில் ஒரு சின்னப் பையன் பெயர் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பாதிதான் வந்தது.

எந்த வண்டி, என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, இங்கே அதெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றான் கடைக்காரன். மரியாதையாகத்தான் சொன்னான்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது. டாக்ஸி. நேரே அந்தோணி கடையில் இறக்கிவிட்டு, மட்கார்டை மட்டும் சுத்தம் செய்ய வீட்டுக்கு எடுத்து வந்தேன். செல்வக்கனி பசை ஒட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு வண்டில கழத்துனது?"

தெரியாது என்றேன்.

"ஆக்சிடென்ட் ஆன வண்டியா?"

அப்படித்தான் இருக்கும், ஆனால் முன்பக்கம் நல்லா இருக்கிறது, அடி பின்பக்கம்தான் பட்டிருக்கும் என்றேன். தைரியம் சொல்வதாக நினைப்பு.

"அப்போ பின்னால உக்காந்திருந்தவ?"

மண்ணெண்ணெய்த் துணியால் மட்கார்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது, ரசத்தில் தக்காளி வேண்டாம் என்று சென்டரில் சொன்னார்களே, இது என்ன ரசம் என்று சிரித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆட்டோ. வாந்தி ஒரு தடவைதான்.

அந்தோணி கடையில் வேலை பாதி. மாற்றியது: ஸ்பிரிங் இரண்டும் புதிது, கொஞ்சம் கெட்டியானது. ஆயில் சீல். ஃபோர்க் ஆயில், அதுவும் கெட்டி ரகம். ஹேண்டில் திரும்பும் இடத்தில் கோன் செட். பிரேக் பேட், பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெடித்திருந்தது, அதை மட்டும் நம்பவே கூடாது என்று வெட்டிக் குப்பையில் போட்டான். மிச்சம்: பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும்.

கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம்: "இந்த ஓட்ட வண்டிக்கு எதுக்குலே இம்புட்டுச் செலவு?" என் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பார்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. ஆச்சரியம். எடை 48.3.

வேலை முடிந்து நேரே கடை. வண்டி தயார். அந்தோணி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். இது பழைய பிரேக் மாதிரி இல்லை, பயந்துபோய் ஒரேயடியாக அழுத்தினால் முன்சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும், அப்போது விழுவது முன்னைவிட மோசம். விரலால் மெல்லப் பிடித்து, எடை முன்னுக்கு வந்த பிறகு இறுக்க வேண்டும். பழகாமல் அக்காவை ஏற்றாதீங்க என்றான்.

எப்படிப் பழகுவது? தனியாக ஓட்டிப் பிரயோசனம் இல்லை. எதிர் மளிகைக் கடையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு இரவல் கேட்டேன். அவள் எடைக்கு ஏறத்தாழ சரி. பின் சீட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, அவளுடைய பழைய சேலையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். வடாலாவில் லாரிகள் நிற்கும் பக்கம் நீள ரோடு காலியாக இருக்கும்.

முதல் இரண்டு தடவை மூட்டை முதுகில் மோதியது. அப்படித்தானே இத்தனை நாள் அவளும் மோதியிருப்பாள். பிறகு விரல் பிடிபட்டது. மெல்லத் தொட்டு, முன்பக்கம் கொஞ்சம் அமர்ந்ததும் இறுக்கி. பழைய வண்டி தலைகுப்புறக் குனியும். இது அளவாக இறங்கி அங்கேயே நின்றது. மூட்டை முதுகில் சாய்ந்தது, மோதவில்லை. ஒரு குழாய் பக்கத்தில் ரோடு ஈரமாக இருந்தது, அங்கேயும் பிடித்துப் பார்த்தேன். வழுக்கவில்லை.

லாரிக்காரர்கள் ஹிந்தியில் சிரித்தார்கள். பொண்டாட்டியா, மூட்டையா என்று ஒருவன். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சேலையை அவிழ்க்கும்போது ஏனோ கண் கலங்கியது. மூட்டைக்கு வலிக்காது.

ஜூலை 10, வியாழன்

மூட்டம். தூறல் வந்து வந்து போனது.

பைக்கில் போனோம். ராஜனிடம் சொல்லவில்லை. அவள் வலது கை என் இடுப்பில், இடது கை அவள் மடியில். சயான் சர்க்கிளில் அந்தத் தகடு இன்னும் கிடக்கிறது. ஓரமாக மெதுவாகத் தாண்டினேன்.

திரும்பும்போதுதான். சுனாபட்டி தாண்டியதும் அவள் தலை என் முதுகில் விழுந்தது. ஹெல்மெட் தோளில் இடித்தது. இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. டயாலிசிஸ் முடிந்ததும் பிரஷர் இறங்கும், மயக்கம் வரும் என்று தெரியும். கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓரம் கட்டினேன். இறங்கித் திரும்பிப் பார்க்கப் பயம். என்ன பார்க்கப் போகிறேன் என்று.

கண்ணைத் திறந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? வீடு வந்துட்டா?"

தூங்கியிருக்கிறாள். பைக்கில். தூக்கம் வராமல் இரவெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவள், சயான் ரோட்டில் தூங்கியிருக்கிறாள்.

கோபத்தில் கத்திவிட்டேன், தூங்கினால் விழமாட்டாயா என்று. பிறகு துப்பட்டாவால் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தோம்.

ஜூலை 13, ஞாயிறு

இருவர் எடைக்குப் போட்ட கெட்டி ஸ்பிரிங், தனியாகப் போனால் முன்பக்கம் முரடாக இருக்கிறது. சின்னக் கல்லுக்கும் மணிக்கட்டு தெறிக்கிறது. செல்வக்கனியிடம் சொன்னேன். "நான் ஏறலன்னா வண்டிக்குக் கோவம் வருது" என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப் போங்கள் என்றாள். ஃபைவ் கார்டன்ஸ் பார்க்குக்குப் போனோம். ஈர பெஞ்சில் பிளாஸ்டிக் பை விரித்து உட்கார்ந்தாள். நாய் கூட்டி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் வீக்கம் அதிகம். செருப்புக்குள் கால் போகவில்லை, கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பெஞ்சில் இருக்கும்போது, இப்படியே எவ்வளவு நாள் என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஜூலை 15, செவ்வாய்

மெஷினில் பிரஷர் மிகவும் இறங்கிவிட்டது. சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். முகம் மஞ்சள் மாதிரி. வரும் வழியெல்லாம் தலையை முதுகில் வைத்துக்கொண்டு, தூங்கவில்லை, தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள், நான் பயப்படக் கூடாது என்று.

ராஜனுக்கு ஃபோன் செய்து, மறுபடியும் பைக்கில்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை நானும் வருகிறேன் என்றான்.

ஜூலை 19, சனி

வியாழக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

காலையில் நல்ல மழை. மெதுவாகப் போனோம். இறங்கும்போது, முழங்காலில் ஒரு சொட்டு சேறு இல்லை பாருங்க என்றாள். ராஜன் அங்கே காத்திருந்தான். அக்காவைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான்.

முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே ஓட்டம். எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். மெஷினைப் பார்க்கும் பெண் டெக்னீஷியன் அழுதுகொண்டே ஏதோ மருந்து ஏற்றினாள். எல்லோரும் முடிந்தவரை செய்தார்கள். அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். இதயம் நின்றுவிட்டது, இந்த நோயில் இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவள் இடது கையைத் தூக்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை.

ஆம்புலன்ஸ் வேனில் நான் அவளோடு. எங்கள் பைக்கை ராஜன் பின்னால் ஓட்டி வந்தான். வேன் கிளம்பியதும் முதல் பள்ளத்திலேயே அவள் தலை தூக்கிப் போட்டது. டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். திரும்பி என்னைப் பார்த்தான், வேகத்தைக் குறைத்தான். குறைத்தும் குலுங்கியது. தரையில் உட்கார்ந்து அவள் தலைக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். லேபர் கேம்ப்பில் எங்கள் வீடு வரும்வரை எடுக்கவில்லை.

மாலையில் சயான் சுடுகாடு. மழை விட்டிருந்தது.

எல்லாம் முடிந்து வாசலில் ஆட்கள் கலைந்த பிறகு ராஜன் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"வேன் ரெண்டு தடவ சட்டுன்னு நின்னுட்டு, அத்தான். நம்ம வண்டி பிரேக் நல்லா புடிக்கி."

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.