ஜப்பான் எழுத்தும் உங்கள் பதினாறாம் நாளும்

என் செல்வி அக்காவுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வரவில்லை. தங்கா பத்து ஊரில், உங்கள் வீட்டில், உங்கள் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் செங் ஊரில், நம் ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தேன். கோபம் உங்கள் மேல்தான், அக்கா.

நம் மென்பொருளின் கையேட்டை ஜப்பான் மொழியில் பிடிஎஃப் ஆக்கும் வேலையை நீங்கள் யாரிடமும் விட்டதில்லை. கேட்டால், "நீ வுடுலா, நான் பாத்துக்கிறேன்" என்பீர்கள். நீங்கள் போன பிறகு அந்த வேலையைப் புது சர்வருக்கு மாற்றி, என் தலையில் கட்டினார்கள். ஆங்கிலப் பக்கங்கள் ஒழுங்காக வந்தன. ஜப்பான் பக்கங்களில் எழுத்தே இல்லை, வெறும் கட்டங்கள். அந்த சர்வரில் ஜப்பான் எழுத்துக்கான ஃபாண்ட்டே இல்லை.

அவசரத்தில் கைக்குக் கிடைத்த ஒரு ஃபாண்ட்டைப் போட்டேன். கட்டங்கள் மறைந்தன. ஆனால் சரியா என்று பார்க்க நம் ஆபீசில் யாருக்கு ஜப்பான் தெரியும்? பக்கத்து மேசை மெய் லிங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓகே லா!" என்றாள். அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஜப்பான் வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. இது சீன ஃபாண்ட், பல எழுத்துகள் சீனர்கள் எழுதும் வடிவில் இருக்கின்றன, மாற்றி அனுப்புங்கள் என்று. சீனப் பெண்ணிடம் காட்டினால் அவளுக்கு அது சரியாகத்தானே தெரியும்! என் புத்தியை என்ன சொல்ல?

அன்றுதான் உங்கள் பதினாறாம் நாள். மேனேஜர் குமார் அண்ணனிடம் லீவு கேட்டேன். "முடிச்சிட்டுப் போம்மா. வேற யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்கு மட்டும் தெரியுமா? ஜப்பான் ஃபாண்ட்டைத் தேடிப் போட்டேன். சர்வர் மறுபடியும் சீன ஃபாண்ட்டையே எடுத்தது. எந்த ஃபாண்ட் வேண்டும் என்று அதற்குப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும் என்பது புரியவே மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் அங்கே உங்களுக்குப் படைத்து முடித்திருந்தார்கள். டாய்லெட்டுக்குள் போய் அழுதேன்.

சாயங்காலம் சரியான பக்கங்கள் போயின. குமார் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே ஜப்பான் வேலை முழுக்க நீதான். செல்வி எடத்துல ஒக்காந்துக்க" என்றார். இப்போது உங்கள் நாற்காலியில்தான் இருக்கிறேன். எப்படி எழுந்திருப்பது என்றுதான் தெரியவில்லை.

நீங்களும் இப்படித்தான் மாட்டிக்கொண்டீர்களா, அக்கா? வலி வலி என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டது இதனால்தானா?

மெய் லிங்குக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். முனகுகிறாள், நான் விடுவதாக இல்லை. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால், என் பதினாறாம் நாளுக்கு வர வேண்டிய யாரும் இந்த ஆபீசில் உட்கார்ந்து அழக் கூடாது. இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
ரெம்பியா தேவி