சூடு தெரியாத தோல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் அங்கே நலம் என்று வாராவாரம் போனில் சொல்கிறாய், ஆனால் அதை அப்படியே நம்பி எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. நீ எங்களிடம் எதையோ மறைக்கிறாய், அது உன் உடம்பைப் பற்றியது என்று எனக்குச் சந்தேகம். போனில் கேட்டால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். "உங்கப்பாவுக்கு உலகத்துல எல்லாருமே டிக்கெட் எடுக்காத ஆளுங்கதான்" என்று அம்மா கேலி செய்வாள். செய்யட்டும், பழகிவிட்டது.

முதலில் அம்மாவின் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தையல் கடையில் நீராவி இஸ்திரியின் குழாய் பிடுங்கிக்கொண்டு அவளுடைய இடது முன்கை வெந்ததும், தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே வைத்ததும் உனக்குத் தெரியும். நடுவில் நான் அடித்த கூத்து உனக்குத் தெரியாது. அந்த அறுவை சிகிச்சை டாக்டர் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. வயது கம்மி, சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. தொடையில் மெல்லிசாகத் தோல் சீவி, அதை ஒரு மிஷினில் விட்டுப் பொத்தல் போட்டு, வலை மாதிரி இழுத்துக் கையில் வைப்போம் என்று சொன்னார். கேட்கவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தவள் கையை விடத் தொடைதான் எரிகிறது என்று அழுதாள். அப்படியானால் தேவைக்கு மேல் எடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கு ஏற்ற மாதிரி, கட்டுப் போடும் அறையில் சிஸ்டர் பிரிட்ஜைத் திறந்தபோது உள்ளே அம்மா பெயர் ஒட்டிய சின்ன டப்பா ஒன்றைப் பார்த்தேன். என்ன அது என்றால் "மிச்சத் தோல் சார்" என்கிறாள், ஏதோ மிச்சக் குழம்பு என்பதைப் போல. காசுள்ளவன் எவனுக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவர் கையில் டப்பா இருந்தாலும் பெயரைப் படித்த பிறகுதான் வழிவிட்டேன். கடைசியில் டாக்டரே வந்தார். "அவங்க தோல் அவங்களுக்குத்தான் சார் நிலைக்கும். வேற ஒருத்தருக்கு வெச்சா அந்த உடம்பு கொஞ்ச நாள்ல தள்ளிடும். எங்கயாவது ஒட்டாமப் போச்சுன்னா மறுபடி தொடையில கை வைக்க வேண்டாமேன்னுதான் இதை வெச்சிருக்கோம்" என்றார். நான் நம்பவில்லை. பிறகு முழங்கைப் பக்கம் கொஞ்சம் இடம் ஒட்டாமல் கறுத்துப் போனது. சொன்னபடியே அந்த டப்பாவிலிருந்துதான் எடுத்து வைத்தார், அதுவும் ஒட்டிக்கொண்டது. நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் இப்போது அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறேன்.

நீ வரவில்லை என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு. அத்தை பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள், வந்தவள் சும்மா போகாமல் "பெத்தவளுக்கு இப்படி ஆகியும் வரலைன்னா, வெளிநாடு போனதும் மனசு கல்லாயிடுச்சுன்னுதானே அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அவ வேலை பார்க்கிற பேக்கரியில லீவு கிடைக்கலை, அவ என்ன பண்ணுவா" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கும் உன் மேல் கோபம் இருந்தது, அதை மறைக்கவில்லை. எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணமே செய்துகொண்டாயோ என்கிற வரைக்கும் யோசித்தேன். அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் அம்மாவிடம் பேசும்போது நீ சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். நான் பக்கத்தில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். "சாயங்காலம் ஆனா எறும்பு ஊர்ற மாதிரி அரிக்கும்மா, சொறியாத, உள்ளங்கையால தட்டிக் கொடு. அப்புறம் அந்த இடத்துல சூடு தெரியாது, பாத்திரத்துல பட்டா உனக்கே தெரியாம பொத்துப் போயிடும், பார்த்துக்கோ" என்றாய். அம்மாவுக்கு ஒரே பெருமை, பெண் எவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறாள் என்று. ஆனால் சூடு தெரியாது என்பது அவளுக்கே அதுவரை தெரியாது. மறுநாள் சோதித்துப் பார்த்தோம். வெந்நீர் டம்ளரைப் புதுத் தோலின் ஓரத்தில் லேசாக வைத்தேன், சிவக்கிற வரைக்கும் அவள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பற்றி அவளுக்கே தெரியாதது அவ்வளவு தூரத்தில் இருக்கும் உனக்கு எப்படித் தெரிந்தது? சிஸ்டரிடம் கேட்டேன். "இதையெல்லாம் வெளிய யாரும் பேச மாட்டாங்க சார், பட்டவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்றது. வேர்த்துக் கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாய். வீடியோவில் எப்போதும் இடது பக்கம்தான் காட்டுகிறாய். வருட ஆரம்பத்தில் போன் ரிப்பேர் என்று சொல்லிப் பேசாமலே இருந்தாய், மெசேஜில் எது கேட்டாலும் 'சரி', 'ம்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. வாயாடி நீ, இரண்டு கையும் சரியாக இருந்திருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன், வலது மணிக்கட்டில் சட்டைக்கு அடியில் தோல் நிறத்தில் ஒரு துணி எட்டிப் பார்க்கிறது. அம்மாவுக்கும் தழும்பு தடிக்காமல் இருக்க அதே மாதிரி இறுக்கமான உறைதான் கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டரிடம் படத்தைக் காட்டினேன். "போட்டோவைப் பார்த்து நான் எதுவும் சொல்லக் கூடாது சார், பொண்ணுகிட்டயே கேளுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

லீவு கிடைக்காமல் இல்லை, எங்கள் கண்ணில் படக் கூடாது என்றுதான் நீ வரவில்லை. பேக்கரி அடுப்பில் பட்டதா, தங்கியிருக்கும் இடத்திலா, இல்லை எவனாவது செய்ததா என்று கண்டபடி நினைப்பு ஓடுகிறது. கடைசியாக எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. எப்படி நடந்தது என்று நீ சொல்லத் தோன்றும்போது சொல், நான் துருவ மாட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் துணையாக அத்தை வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள், நான் அங்கே வர பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே. கட்டுத் துணியை நனைத்துப் பிரிக்க, எண்ணெய் தடவ, உறையைச் சுருக்கமில்லாமல் மாட்ட எல்லாம் கற்றுக்கொண்டேன். அதுவரை வெயிலில் கையைக் காட்டாதே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அம்மாவுக்கு முதல் கட்டுப் பிரித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் விட்டு ஊறவைத்து ஒவ்வொரு மடிப்பாக எடுத்தார்கள். அவள் தன் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, கடைசி வரைக்கும் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க மூஞ்சி மாறல, அதான் எனக்குப் பயம் போச்சு" என்று அப்புறம் சொன்னாள். உனக்கு முதல் கட்டுப் பிரித்த அன்று நீ யார் முகத்தைப் பார்த்தாயம்மா?

உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா