ஒரு ஹைட்ராக்சில் கூடுதல்

ஜூலை 8

பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்று ஆல்கஹால்கள். பலகையில் எத்தனால் வரைந்தேன்: இரண்டு கார்பன், ஒரு ஹைட்ராக்சில். பக்கத்திலேயே கிளைக்கால்: அதே இரண்டு கார்பன், ஆளுக்கொரு ஹைட்ராக்சில். "முதல்ல இருக்கிறது சாராயத்துல இருக்கிறது. ரெண்டாவது, வண்டி ரேடியேட்டர்ல ஊத்துற கூலண்ட். இனிக்கும், ஆனா விஷம்" என்றேன். "டீச்சர் ருசி பாத்திருக்காங்கடா" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

மாலையில் என் வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு வந்தார், வாயில் வழக்கமான மிட்டாய். குடியை விட்டு நாலு வருஷம். அன்றிலிருந்து இனிப்பு என்றால் உயிர். விட்ட புதிதில் தினமும் வாசலில் நிறுத்தி ஊதச் சொல்வேன். இப்போது கேட்பதில்லை. அவர்தான் வம்புக்கு, "ஊதவா டீச்சர்?" என்பார்.

ஜூலை 11

மறுபடியும் குடித்துவிட்டார்.

பள்ளி விட்டு வந்தால் சோபாவில் சாய்ந்து கிடக்கிறார். நாக்கு குழறுகிறது, எழுந்தால் தள்ளாடுகிறார். "குடிக்கலடி, சத்தியமா." கேட்டுக் கேட்டுப் புளித்த வசனம். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். எப்படி மனசு வந்தது இந்த மனுஷனுக்கு?

ஒன்று மட்டும் இடிக்கிறது. முகத்துக்கு நேரே நின்றுதான் கத்தினேன். வாசனையே இல்லை. ஏன் இல்லை —

ஜூலை 12, ஆஸ்பத்திரி

நேற்று ராத்திரியே வேனுக்கு ஓடித் தேடினேன். கிடந்தது எலுமிச்சை ஜூஸ் பாட்டில். அடியில் பச்சையாகக் கொஞ்சம். ஜூஸ் என்று நினைத்து மீதியைக் குடித்திருக்கிறார். மெக்கானிக் கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "மிச்சக் கூலண்டை அதுலதான் ஊத்தி சீட்டுக்கடியில வச்சேன் அண்ணி. ஏன், என்னாச்சு?"

இந்த வாரம் நானே பலகையில் வரைந்தது. என் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. நம்ப முடியவில்லை.

டாக்டரம்மா சொன்னார்: "இதுக்கான ஊசி இங்க இல்ல, வர நேரமாகும். அதுவரைக்கும் சாராயம்தாம்மா மருந்து." நான் சிரித்துவிட்டேன், பைத்தியம் மாதிரி. அப்புறம் உறைத்தது. உடம்பில் இருக்கும் ஒரு நொதிதான் கிளைக்காலை அமிலமாக மாற்றுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது அந்த அமிலம். எத்தனால் வந்துவிட்டால் நொதி முதலில் அதைத்தான் கவனிக்கும். கிளைக்கால் மெல்ல சிறுநீரில் போய்விடும். எனக்குப் புரிகிறது. அவருக்கு?

"வேண்டாம். என்ன ஆனாலும் சரி, அது மட்டும் வேண்டாம்."

நர்ஸ் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டேன். "மருந்துங்க இது. நான்தான குடுக்கிறேன், குடிங்க." எத்தனை பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்த கை! அழுதுகொண்டே விழுங்கினார். மணிக்கொரு தடவை, என் கையாலேயே.

ஜூலை 14

ஊசி வந்தது. சிறுநீரகம் தப்பியது. கொழுந்தன் வாசலில் நின்று அழுகிறான். அவனைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

ஜூலை 29

வேலைக்குப் போகிறார். மிட்டாயைத் தொடுவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 6

இன்று சோபாவில் அதே கோலம். கிட்டவே போகவில்லை. நேராக வேனுக்கு ஓடி, சீட்டுக்கடியில் கையைவிட்டுத் துழாவினேன். அந்தப் பச்சைப் பாட்டில் இருந்துவிட வேண்டும் என்று தேடினேன். விஷமாக இருக்கட்டும் என்றா? சீ, என்ன மனுஷி நான்!

எதுவும் இல்லை. திரும்பி வந்து முகத்தருகே குனிந்தேன். இந்த முறை வாசனை இருந்தது.

"ஆஸ்பத்திரில, முதல் டம்ளர்லயே தெரிஞ்சுபோச்சு" என்றார், கண்ணைத் திறக்காமல். "நான் எதையும் மறக்கலன்னு."

காப்பாற்றியதும் நான்தான், இதற்கு வழி காட்டியதும் நான்தானா? யாரிடம் போய்க் கேட்பது?

ஆகஸ்ட் 7

வகுப்பில் அடுத்த வாய்ப்பாடு. பலகையில் ஆக்சிஜன் வரை எழுதிவிட்டு அப்படியே நின்றேன். "டீச்சர், ஹைட்ரஜன விட்டுட்டீங்க" என்றார்கள். எழுதினேன்.

மாலையில் அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அவராகவே குனிந்து என் முகத்தில் ஊதினார். மிட்டாய் வாசனை.

"முதல் நாள், டீச்சர்."

நகர்ந்து வழிவிட்டேன்.