விட்டுவிடுகிறேன்

அன்புள்ள ஐரினுக்கு,

கண்டி மாநகரின் முடிசூடா வேந்தன், அதாவது ஜவுளிக்கடை மனுவேல் எழுதுவது. மாதா புண்ணியத்தில் சுகம். உன் முழங்கால் எப்படி?

ஞாயிறன்று அம்பிட்டியில் அக்கா மகள் லிண்டாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான்தான். "பசாசை விட்டுவிடுகிறீர்களா?" என்று ஃபாதர் கேட்கக் கேட்க, "விட்டுவிடுகிறேன்" என்று மலையே அதிர முழங்கினேன். அதே வேகத்தில், "கடவுளை விசுவசிக்கிறீர்களா?" என்றதற்கும் "விட்டுவிடுகிறேன்" என்றேன். கோயிலே சிரித்தது. பசாசும் சிரித்திருக்கும்.

லிண்டா சிரிக்கவில்லை. "மாமா, நீங்கதானே இவனுக்கு விசுவாசத்த சொல்லிக் குடுக்கணும்?" என்றாள். என்னால் தலைதூக்க முடியவில்லை. இத்தனை வருடம் வாய்தான் சொல்லியிருக்கிறது, காது கேட்கவில்லை.

கடைக்கு நேரமாகிறது. நீ எனக்குப் பின்னும் ஸ்வெட்டரோடு, பூசையில் நாம் சொல்லும் விசுவாசப்பிரமாணத்தையும் வரிக்கு வரி அர்த்தத்தோடு எழுதி அனுப்பு. இங்கே யாரிடமும் கேட்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளை பேசத் தொடங்குமுன் எனக்கு விளங்க வேண்டும்.

உன் மனுவேல்