கையொப்பம் பொருந்தவில்லை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கிளினிக்கில் மூன்று பேருக்குப் பல் அடைப்பு, ஒருவருக்கு வேர் சிகிச்சை. மதியம் ஒருவழியாகப் பங்குகளை மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பிவிட்டேன். மகள் ஆறு மாதமாக நச்சரிக்கிறாள். "அம்மா, அந்தப் பழைய புரோக்கர் கம்பெனி கடையைக் கட்டப் போறான். எல்லாத்தையும் புது ஆப்புக்கு மாத்திடு, போன்லயே பாத்துக்கலாம்." மாதக் கடைசிக்குள் மாற்றாத கணக்குகளை முடக்கிவிடுவார்களாம்.

புதிய கம்பெனியில் கணக்குத் தொடங்க முகத்தைக் காட்டினால் போதுமாக இருந்தது. பழையவர்களுக்குத் தாள் வேண்டும், மையில் கையெழுத்து வேண்டும். ஒன்பது கம்பெனிப் பங்குகள். கிளினிக் தொடங்கிய வருடத்திலிருந்து ஒவ்வொன்றாக, யாரையும் கேட்காமல் நானே வாங்கியவை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மார்ச் 9, திங்கள்

திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: கையொப்பம் பொருந்தவில்லை.

என் கையொப்பம் எனக்கே பொருந்தவில்லையாம்! என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கணக்கு வாத்தியாரான இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "டாக்டருங்க கையெழுத்து என்னைக்கு ஒழுங்கா இருந்திருக்கு? கையெழுத்து மோசமா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க. சந்தோஷப்படு."

இன்னொரு படிவம் அனுப்பினேன். இந்த முறை நிதானமாகப் போட்டேன்.

மார்ச் 11, புதன்

பால் தீய்ந்துவிட்டது. அது பெரிய விஷயமில்லை. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "வீடே நாறுது, உனக்கு மூக்குன்னு ஒண்ணு இல்லையா?"

ஜலதோஷம் என்றேன். எனக்கு ஜலதோஷம் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

மறுபடியும் அதே வரி. போனில் கத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "மேடம், ரெண்டு கையெழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மெயில் அனுப்பறேன். நீங்களே பாருங்க."

பார்த்தேன். இடது பக்கம் கணக்குத் தொடங்கியபோது போட்டது. முதல் எழுத்தின் சுழி கட்டத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது, கடைசியில் ஒரு வால் வேறு. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய திமிர். வலது பக்கம் இந்த வாரம் போட்டது. வடிவம் அதேதான். ஆனால் பாதி அளவுகூட இல்லை. சிறியதாக ஆரம்பித்து, போகப் போக இன்னும் சிறியதாகி, கடைசி இரண்டு எழுத்து வெறும் கோடு.

அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். எப்போதும் ஒரே அளவு, கோடு போடாத தாள். பத்து வருடத்துக்கு முன் பக்கத்துக்குப் பதினைந்து வரி எழுதியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் பதினெட்டு. இந்த வாரம் எழுதிய பக்கத்தை எண்ணினேன் — முப்பத்தொன்று. சிக்கனமாகிவிட்டேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

எழுத்து இப்படிச் சுருங்குவதற்கு ஒரு பெயர் படித்திருக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. வாசனை தெரியாமல் போவதும் அதே பாடத்தில்தான் வரும்.

வேண்டாம். கண்ணாடி பவர் மாறியிருக்கும்.

மார்ச் 14, சனி

பெரிதாக எழுது. பெரிதாக எழுது. பெரிதாக எழுது.

மூன்றாவதிலேயே எழுத்து சுருங்கிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன். பழைய கையொப்பத்தை அச்செடுத்து, எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, அதன்மேல் மூன்றாவது படிவத்தை வைத்து, தெரிந்த கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டினேன். என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்தாகப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சிஸ்டர் உள்ளே வந்தார். பதினெட்டு வருடமாக நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு எடுத்துக் கொடுப்பவர். படிவத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மேடம், போன வாரம் ரெண்டு தடவை கண்ணாடியைக் கீழ போட்டீங்க" என்றார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சொல்கிறார்.

"கையுறை வழுக்குது. வேற கம்பெனி வாங்குங்க."

"சரி மேடம்." என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

மார்ச் 19, வியாழன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

பஸ் ஓட்டுநர் ஒருவர். கீழ்த்தாடைக் கடைவாயில் சாதாரண அடைப்பு. தூக்கத்தில்கூடச் செய்வேன் என்று நான் பீற்றிக்கொள்ளும் வேலை. "உங்களுது ராசியான கை டாக்டர், எங்க வீட்டுல எல்லாரும் இங்கதான்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ட்ரில் ஓடிக்கொண்டிருந்தபோது என் கட்டைவிரல் ஒரு நொடி என் பேச்சைக் கேட்கவில்லை.

நாக்கின் ஓரத்தில் கீறல். அரை சென்டிமீட்டர் இருக்கும். நான் கேட்பதற்கு முன்பே சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்திவிட்டார். தையல் தேவைப்படவில்லை. மரத்துப்போயிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கீறல் பட்டுவிட்டது என்று நான்தான் சொன்னேன். "பரவால்ல டாக்டர், நான் நாக்கை ஆட்டிட்டேன் போல. சாரி" என்றார்.

நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே!

அவர் நாக்கை ஆட்டலை. அந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு. ஐயோ, என் கைதான். என் கைதான்.

அடுத்த வாரப் பட்டியலில் பதினொரு பேர் இருக்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

புரோக்கர் அலுவலகத்திலிருந்து மேலாளர் அழைத்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவை வந்த கையெழுத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. வீட்டுல, வேலை செய்யற இடத்துல யாராவது உங்களுக்குத் தெரியாம..."

"அப்படியெல்லாம் யாரும் இல்லை."

"உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றோம். கணக்கை நிறுத்தி வச்சிருக்கோம். முப்பதாம் தேதிக்குள்ள நேர்ல வந்து எங்க முன்னாடி கையெழுத்துப் போட்டுடுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் குதிகுதியென்று குதித்தார். "எவனோ உன் கையெழுத்தைப் போட்டுச் சுருட்டப் பாக்கறான். படிவம் எங்க வச்சிருந்த? கிளினிக்லயா? அங்க உன்னைத் தவிர யாரு இருக்கா?" கொஞ்சம் நிறுத்தி, "அந்த சிஸ்டர் எப்படி?" என்றார்.

"அவங்களைச் சொல்லாதீங்க."

"பின்ன யாரு?"

நான்தான் என்று ஏன் சொல்லவில்லை? வாய்வரை வந்தது. பதினெட்டு வருடம் என்னோடு நின்றவர் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

இந்த வாரப் பட்டியல் காலி. பதினொரு பேரையும் "மேடத்துக்கு உடம்பு சரியில்லை" என்று சிஸ்டரே தள்ளிப்போட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

விடுதிக் காலத்துத் தோழி இப்போது பெரிய நரம்பு மருத்துவர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னாள். சுருள் வரையச் சொன்னாள். வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தாள். "நடக்கறப்ப உன் வலது கை வீசவே இல்லடி." அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கதவைச் சாத்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பார்க்கின்சன். ஆரம்பம்தான், மருந்துக்கு நன்றாகக் கேட்கும், வருடக்கணக்கில் நன்றாக இருக்கலாம் என்றாள். எல்லாம் நானும் படித்ததுதான்.

"ட்ரில் பிடிக்கலாமா?"

"நீயே சொல்லு. இப்படி ஒரு கையை நம்பி நீ வாயைத் திறப்பியா?"

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. நடுக்கத்தைவிட, இவர் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் பயம்.

மார்ச் 30, திங்கள்

புரோக்கர் அலுவலகத்தில் பாதி மேசைகள் காலி. சுவரோரம் அட்டைப்பெட்டிகள். துணைக்கு வருகிறேன் என்று இவரும் வந்திருந்தார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற தோரணை.

எதிரில் இருந்த அதிகாரி, புதுக் கையொப்பம் பதியும் படிவத்தை நீட்டினார். மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் சிறியதாக வந்தது. இரண்டாவதில் இன்னும் சிறியதாக. மூன்றாவதில் வெறும் கோடு. பேனா தாளில் உரசும் சத்தம் எனக்கே கேட்டது.

"ஏன் இவ்வளவு குட்டியா போடற? நல்லா போடு" என்றார் இவர்.

அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதுதானா மேடம், இனிமே?"

"இதுதான்."

"திரும்ப மாறாது இல்ல? புது கம்பெனிக்கும் இதையேதான் அனுப்புவோம். அதான் கேக்கறேன்."

ஆமாம், மாறாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"மாறும்," என்றேன். "இன்னும் சின்னதாகும்."

"சின்னதாகும்னா?" கேட்டது இவர். அந்த ஆள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்குப் பெட்டி, கள்ளக் கையெழுத்து, ஓட்டுநரின் நாக்கு, தோழி சொன்ன பெயர். சிஸ்டரை இவர் சந்தேகப்பட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அதிகாரி தலையைக் குனிந்தபடியே, "ஜாயிண்ட் கணக்கா மாத்திடலாமா மேடம்? சார் கையெழுத்து போதும்னு வச்சுக்கலாம்" என்று இன்னொரு படிவத்தைத் தள்ளினார்.

இவர் கையெழுத்துப் போட்டார். அது கோணிப்போய்விட, இன்னொரு படிவம் கேட்டு வாங்கினார்.

ஏப்ரல் 8, புதன்

பங்குகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்பதும். இவர் கிளினிக்குக்குப் போய்ச் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டாராம். எதற்கு என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

ஏப்ரல் 16, வியாழன்

வாரத்தில் மூன்று நாள் வர ஒரு இளம் டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இன்று முதல் நாள். இரண்டாவதாக வந்தவர் அதே பஸ் ஓட்டுநர், இன்னொரு பல்லுக்கு. அவள் கையுறை மாட்டுவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க பாக்கலையா டாக்டர்?"

"இல்லைங்க. அன்னைக்கு நீங்க நாக்கை ஆட்டலை. என் கைதான் தவறிடுச்சு. எனக்கு உடம்பு சரியில்லை. இனிமே நான் பாக்க மாட்டேன்."

அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாக்கை ஒருமுறை கன்னத்துக்குள் சுழற்றினார். பிறகு சாய்ந்து வாயைத் திறந்தார். நான் இடது கையால் விளக்கைத் திருப்பி அவர் வாய்க்கு நேராக வைத்துவிட்டு, ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.