தமிழில் மட்டும் ஒரு ரெய்டு

ஞாயிறு, இரவு.

கபடி வர்ணனையாளர் வேலைக்கு டிவிக்காரர்கள் இன்று வீடியோ காலில் தேர்வு வைத்தார்கள். கிடைத்தால் கம்பெனி ஷிப்டை விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஒரு மேட்சைப் போட்டுக் காட்டி, "தமிழ்ல மட்டும் பேசுங்க சார்" என்றார் தேர்வு நடத்திய பெண். முதல் ரெய்டு நன்றாகத்தான் போனது. அடுத்ததில் வாய் தானாகக் கன்னடத்துக்குத் தாவிவிட்டது. இழுத்துப் பிடித்தால் தெலுங்கு வருகிறது. நான் என்ன செய்ய? மூன்று மாநில எல்லையில் இருக்கும் எங்கள் வேப்பனப்பள்ளி மைதானத்தில், ரெய்டுக்குப் போகிறவன் எந்த ஊரோ அந்த ஊர்ப் பேச்சில் நான் மைக்கில் கத்தினால்தான் கூட்டம் எழும்.

"குரல் நல்லா இருக்கு சார், ஆனா..." என்று நிறுத்திவிட்டார்.

பிறகு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ரெய்டு முழுவதையும் தமிழிலேயே சொல்லி முடித்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

வெளியிலிருந்து மனைவி கேட்டாள்: "உள்ள போய் செல்லுல நியூஸா கேக்கறீங்க?"